யார் பதிவேட்டில் இல்லை?

கண்ணு,

பொதுக் கொள்கையில் முதுநிலைப் பட்டம் படித்தால் என்ன வேலைக்குப் போவாய் என்று வீட்டில் எல்லோரும் உன்னைத் துளைத்தெடுக்கிறார்கள். அண்ணன் என்னிடமும் கேட்டார். சட்டம் படித்தால் வக்கீல், சி.ஏ. முடித்தால் ஆடிட்டர், இதைப் படித்தால் யார்? நியாயமான கேள்விதான். மகள் படிப்புக்குக் கடன் வாங்கப் போகிற தகப்பன் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை, அதனால்தான் இந்த நீண்ட கடிதம். நாற்பது வயதை நெருங்கும்போது இந்தப் படிப்பைப் படித்தவள் நான். அதற்கு முன்னால் ஒரு வேலை பார்த்தேன். பின்னால் பார்த்த வேலைகளோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவைபோலத் தெரியும். அவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டியது ஒரே ஒரு கேள்வி. அது எனக்கு வயலில் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு எங்கெல்லாம் போகலாம் என்பதைப் படிப்பு காட்டிக் கொடுத்தது.

புள்ளியியலில் பட்டம் முடித்து, தேர்வு எழுதி, டெல்டாவில் ஒரு தாலுகாவுக்குப் புள்ளியியல் ஆய்வாளராகப் போனேன். இந்தப் பதவியைச் சொன்னால் கல்யாண வீட்டில் யாருக்கும் புரியாது. ஒரு மாவட்டத்தில் இந்த ஆண்டு இவ்வளவு நெல் விளைந்தது என்று சட்டசபையில் ஓர் எண்ணைச் சொல்கிறார்களே, அந்த எண் பிறக்கிற இடத்தில் நிற்பவர் புள்ளியியல் ஆய்வாளர். பயிர் அறுவடைப் பரிசோதனை என்போம். எந்த ஊர், எந்தச் சர்வே நம்பர், வயலில் எந்த இடம் என்பதையெல்லாம் சமவாய்ப்பு எண் அட்டவணைதான் தீர்மானிக்கும், நம் இஷ்டத்துக்கு இடமில்லை. அது காட்டிய இடத்தில் முளை அடித்து, கயிறு கட்டி, 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் எடுப்போம். அதற்குள் இருக்கிற கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவோம். ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு அந்த எடையிலிருந்து வருகிறது. பயிர்க் காப்பீட்டில் ஓர் ஊருக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்பதையும் இப்படிப்பட்ட எடைகளின் சராசரிதான் முடிவு செய்கிறது.

ஒரு சம்பா அறுவடையில், பாதிக்கு மேல் பதராகிப்போன வயலில் எடை போட்டுக்கொண்டிருந்தோம். பயிர் வைத்தவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “விளைச்சல் கம்மின்னு எழுதிட்டீங்க, சரிம்மா. பணம் வந்தா யார் கைக்குப் போவும்?” என்று கேட்டார். அவர் குத்தகைக்காரர். குத்தகை வெறும் வாய்ப்பேச்சு, துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. கிராமச் சாகுபடிக் கணக்கான அடங்கலில் இருந்தது நிலத்துக்காரர் பெயர். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும், அப்போது காப்பீடு அந்தக் கடனோடு சேர்ந்துதான் வரும். விதையும் உரமும் நடவுக் கூலியும் அவர் வட்டிக்கு வாங்கிப் போட்டது. நஷ்டம் அவருடையது, நஷ்டத்துக்கு வரப்போகிற பணம் இன்னொருவருடையது. என் எடை சரி, படிவம் சரி, விதிப்படி எல்லாமே சரி. ஆனாலும் வரப்பில் நின்ற மனிதர் எந்தத் தாளிலும் இல்லை.

யார் பதிவேட்டில் இல்லை, ஏன் இல்லை? இதுதான் நான் சொன்ன கேள்வி. விடையை எங்கள் அலுவலகத்தில் யாரிடமும் கேட்க முடியவில்லை. புள்ளிவிவரம் எங்கள் துறை. நிலப் பதிவு வருவாய்த் துறை. கடன் கூட்டுறவு. காப்பீடு வேளாண்மையும் கம்பெனியும். குத்தகைச் சட்டத்துக்குத் தனி அதிகாரி. ஒரே வயல், அதற்கு இத்தனை கதவுகள். எல்லாக் கதவுகளுக்கும் பொதுவான ஒரு படிப்பு உண்டு என்று சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டுப் படிக்கப் போனேன். நம் நாட்டில் அப்போது அது புதிது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 1960-களின் கடைசியில் தொடங்கிய படிப்பு. பெர்க்லியில் 1969-ல் இதற்கென்றே தனிப் பள்ளி வந்தது. பெங்களூர் ஐ.ஐ.எம்.மில் 2002-ல் தொடங்கினார்கள், சிங்கப்பூரில் லீ குவான் யூ பெயரிலான பள்ளி 2004-ல் வந்தது.

வகுப்பில் உட்கார்ந்தபோது என் மனதில் இருந்தது அந்த ஒரு வயல்தான். ஒவ்வொரு பாடமும் அதன் ஒவ்வொரு மூலையைத் திறந்தது. பொருளாதாரம் எடுத்தவர், காப்பீட்டில் ஏன் தனித்தனி வயலைப் பார்க்காமல் ஊர்ச் சராசரியைப் பார்க்கிறார்கள் என்பதற்குக் காரணம் சொன்னார். எந்த வயல் முழுகும் என்று விவசாயிக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது. முழுகுகிற வயலை மட்டும் காப்பீடு செய்தால் திட்டமே நிற்காது. ஒவ்வொரு வயலையும் போய்ப் பார்க்கவும் செலவு கட்டுப்படியாகாது. ஊர்ச் சராசரி அதற்கு வந்த வழி. அந்த வழியின் விலையைக் கொடுப்பவர், நல்லபடி விளைந்த ஊரில் தன் வயல் மட்டும் போனவர். புள்ளியியலில் எனக்குப் பழக்கம் உண்டு என்று நினைத்திருந்தேன். ஓர் ஊருக்குச் சில வயல்கள் மட்டும் அறுத்துச் சொல்லும் சராசரியில் எவ்வளவு ஊசலாட்டம் இருக்கும், அந்த ஊசலாட்டத்தின் மேல் ஒரு குடும்பத்தின் வருஷ வருமானமே நிற்கிறது என்பதை அங்கேதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொது நிதி வகுப்பில் பிரீமியத்தை யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று படித்தோம். இப்போது நடக்கிற பிரதமர் பயிர்க் காப்பீட்டில் உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது காரிஃப் பருவத்தில் 2 சதவீதம், ரபி பருவத்தில் 1.5 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. ஆக அது கம்பெனிக்கும் விவசாயிக்கும் இடையிலான வியாபாரமாக நின்றுவிடுவதில்லை, வரி கட்டுகிற எல்லோரும் அதில் பங்காளிகள்.

என்னைத் தூங்கவிடாமல் அடித்தது சட்டமும் அரசியலும் கலந்த பாடம். தமிழ்நாட்டில் 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்த நேரத்தில் குத்தகைக்காரரை வெளியேற்றக் கூடாது என்பதற்காக வந்த நல்ல சட்டம். அதற்குப் பின்னால் எத்தனையோ பேருடைய போராட்டம் இருக்கிறது, தஞ்சைப் பக்கம் கேட்டால் இன்றும் சொல்வார்கள். 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தனிச் சட்டமும் வந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்குக் காலடியில் நிலம் நின்றது. ஆனால் எழுத்தில் கொடுத்தால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று பயந்த நிலத்துக்காரர்கள் பலர் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். குத்தகை நின்றுவிடவில்லை, வாய்ப்பேச்சாகிவிட்டது. காப்பாற்ற வந்த சட்டமே, பின்னால் வந்த ஒரு தலைமுறைக் குத்தகைக்காரர்களைத் தாளிலிருந்து மறைத்துவிட்டது. சட்டம் தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரு விதியை எழுதும்போது அதற்கு எதிரே இருப்பவர் என்ன செய்வார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்கிறேன். இந்தப் படிப்பின் மொத்தச் சாரமும் இதில் இருக்கிறது. வரப்பில் நின்ற மனிதருக்கு நான் சொல்லியிருக்கக்கூடிய விடையும் இதுதான், ஆனால் அவர் வீட்டு அடுப்புக்கு அது உதவியிருக்காது. விடை தெரிவதும் வழி கிடைப்பதும் வேறு வேறு. அந்த இடைவெளியில்தான் இந்தப் படிப்பு படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது.

படித்து முடித்துப் பழைய வேலைக்குக் கொஞ்ச காலம் திரும்பினேன், பிறகு விட்டுவிட்டேன். அரசு வேலையை விடுவதற்கு வீட்டில் நடந்த சண்டையை உன் பாட்டியிடம் கேட்டுக்கொள். அடுத்துப் போனது, அரசின் வரவு செலவைப் படித்து மக்களுக்கு விளக்கிச் சொல்கிற ஒரு தொண்டு நிறுவனம். பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் பக்கத்தில் வரிசையாக எண்கள் இருக்கும். போன ஆண்டில் உண்மையில் செலவானது, நடப்பு ஆண்டுக்கு முதலில் ஒதுக்கியது, பிறகு திருத்தியது, வரும் ஆண்டுக்கு ஒதுக்கப்போவது. எல்லோரும் கடைசிக் கட்டத்தைப் படித்துத் தலைப்புச் செய்தி எழுதுவார்கள். கதை முதல் கட்டத்தில் இருக்கும். 1979-80-லிருந்து பட்டியல் சாதி மக்களின் மக்கள்தொகை விகிதத்துக்குத் தக்கபடி திட்ட நிதியில் தனியாக ஒதுக்க வேண்டும் என்று இருக்கிறது. ஒதுக்கிய பணம் அந்த மக்களின் தெருவுக்குப் போனதா, எல்லோருக்கும் பொதுவான ஏதோ ஒரு செலவில் கரைந்ததா என்று வரி வரியாகப் பார்ப்பதுதான் அங்கே என் வேலை. வயலில் கேட்ட கேள்வியே, இடம்தான் வேறு. இதற்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் 2024-ல் வந்திருக்கிறது. என்னைவிட மூத்தவர்கள் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் அந்த எண்களைத் தோண்டி எடுத்து வைத்தார்கள். சட்டம் வந்த அன்று அவர்களில் சிலர் உயிரோடு இல்லை.

அதன் பிறகு சிறு நகரங்களின் கழிவுநீர்ப் பக்கம் போனேன். ஓர் ஆலோசனை நிறுவனத்துக்காகப் பேரூராட்சி பேரூராட்சியாகச் சுற்றினேன். நெல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். சின்ன ஊர்களில் பெரும்பாலும் பாதாளச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு தொட்டிதான். தொட்டி நிரம்பினால் லாரி வரும். லாரி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது? பல காலம் ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும்தான். கருங்குழிப் பேரூராட்சியில் 2017-ல் கசடுக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது, பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. நிலையம் கட்டுவது பொறியாளர் வேலை. லாரிக்காரர் அங்கே வந்து கொட்ட வேண்டுமானால் தூரம் எவ்வளவு இருக்கலாம், கட்டணம் எவ்வளவு, அபராதம் யார் போடுவது, வீட்டுக்காரர் தொட்டியை எத்தனை வருஷத்துக்கு ஒரு தரம் எடுப்பார் என்பதெல்லாம் கொள்கை வேலை. அங்கேயும் என் கேள்வியைக் கேட்டேன். லாரியின் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தொழிலாளி யாருடைய பதிவேட்டில் இருக்கிறார்? பேரூராட்சியில் இல்லை. லாரி முதலாளியிடம் பல ஊர்களில் சம்பளப் பட்டியலே இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது, கையுறையும் முகக்கவசமும் காப்பீடும் அவரைத் தேடி வர முதலில் அவர் பெயர் எங்காவது எழுதப்பட வேண்டுமே. அந்த வேலைக்காக எழுதிய அறிக்கையில் லாரித் தொழிலாளர் கணக்கெடுப்பு என்று ஒரு பகுதியைச் சேர்க்கப் பிடிவாதம் பிடித்தேன். என் வேலைகளிலேயே எனக்குப் பிடித்தது அந்தப் பகுதிதான்.

கடைசியில் சில வருஷம் வகுப்பெடுத்தேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், உன் வயதுப் பிள்ளைகளோடு இருந்தேன், அது போதும்.

இப்போது அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன், என்ன வேலை? உப்புமா போடுகிற ஒரு நாள் காலை ஏதாவதொரு அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போ. ஒன்றாம் வகுப்புக் குழந்தை தட்டில் உப்புமாவும் காய்கறிச் சாம்பாரும் இருக்கும். அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது என்று பின்னால் போய்ப் பார். சென்னை மாநகராட்சி மன்றத்தில் பிட்டி தியாகராயர் முயற்சியில் 1920-ல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கியது ஒரு பள்ளியின் மதியச் சோறு. காமராஜர் 1956-ல் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரித்தார். பிறகு முட்டை வந்தது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் பள்ளியில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. பசியை முன்வைத்து ஒரு மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கு அது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவு தொடங்கியது, முதலில் 1,545 பள்ளிகள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும். நூறு வருஷத்தில் ஒரு மாநகராட்சி, ஒரு மாநில அரசு, ஒரு நீதிமன்றம், மறுபடி ஒரு மாநில அரசு என்று அந்தத் தட்டு கை மாறி வந்திருக்கிறது.

இதில் ஒவ்வொரு கையிலும் ஒரு வேலை இருக்கிறது, கண்ணு. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையா அரிசியா, பருப்பு எவ்வளவு என்று ஊட்டச்சத்துக் கணக்குப் போடுபவர் ஒருவர். இதற்கு வருஷத்துக்கு எத்தனை கோடி ஆகும் என்று கருத்துரு எழுதி நிதித் துறைக்கு அனுப்புபவர் ஒருவர். அதை மடக்கிக் கேள்வி கேட்கிற நிதித் துறைக்காரர் இன்னொருவர், அவரும் வேண்டும். அதே பள்ளியில் பிள்ளை படிக்கிற மகளிர் குழுத் தாய்மார்களையே சமைக்க வைக்கலாம் என்று யோசித்தவருக்குச் சமையலும் தெரிந்திருந்தது, ஊரும் தெரிந்திருந்தது. ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகளை எழுதுபவர், காலையில் சாப்பிட்ட பிள்ளைக்கு வருகையும் படிப்பும் கூடியதா என்று சாப்பிடாத பிள்ளையோடு ஒப்பிட்டு ஆராய்பவர், தணிக்கை அலுவலகத்தில் ரசீதைப் புரட்டுபவர், இதைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேள்வி கேட்க எம்.எல்.ஏ.வுக்குக் குறிப்பு எடுத்துத் தருபவர், எண்ணெயும் பருப்பும் மலை கிராமத்துக்கு எப்படிப் போகின்றன என்று எழுதுகிற பத்திரிகையாளர். இதில் எந்த நாற்காலியிலும் உன்னால் உட்கார முடியும். ஒன்றிலிருந்து எழுந்து இன்னொன்றுக்கும் போகலாம். பொதுக் கொள்கைப் படிப்பு தருவது அந்த நடமாட்டத்தை. அப்படி நடமாடும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு போ. என் கேள்வியைக் கடன் வாங்குவதானால், செங்கல் சூளையில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை எந்தப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது, அதற்கு அந்த உப்புமா கிடைக்கிறதா என்று கேள். எனக்குப் பதில் தெரிந்த கேள்வியல்ல இது, நீ போய்ப் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டியது.

இந்தப் பட்டம் இல்லாமலேயே இந்த வழியில் நடந்தவர்கள் நம் ஊரில் உண்டு. மால்கம் ஆதிசேஷையா வேலூரில் பிறந்தவர். பாரிஸில் யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்தார், திரும்பி வந்து 1971-ல் சென்னை அடையாற்றில் மெட்ராஸ் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், மாநிலங்களவை உறுப்பினர் என்று போனார். எஸ். குஹன் ஐ.ஏ.எஸ். அதிகாரி, தமிழக நிதித் துறைச் செயலாளர். பணியை விட்டுவிட்டு அதே நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராக வந்து உட்கார்ந்தார். அமைப்புசாராத் தொழிலாளருக்கும் முதியோருக்கும் இந்த நாடு என்ன பாதுகாப்பு தர முடியும், எவ்வளவு செலவாகும் என்று கணக்கோடு எழுதினார். கஜானாவின் சாவியை வைத்திருந்தவர் எழுதியதால் அதை யாரும் ஆசைப் பேச்சு என்று தள்ள முடியவில்லை. காவிரித் தகராறு பற்றி 1993-ல் அவர் எழுதிய நூல் இரண்டு பக்கத்தாரும் உட்கார்ந்து பேசுவதற்கான நூல். இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் அதன் நிதானம் என்னை வியக்க வைக்கிறது.

குஹன் செய்த இன்னொரு வேலையைச் சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தன் மாணவர்களை விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் போகும்போது ஊரைப் பற்றிக் கணக்கெடுத்து வரச் சொன்னார். 1918-ல் அது புத்தகமாக வந்தது. அதில் இருந்த ஊர்களில் ஒன்று அன்றைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த இருவேல்பட்டு. அந்த ஊர்களுக்கு 1930-களில் வேறு ஆட்கள் போனார்கள், 1960-களில் மறுபடி போனார்கள். 1980-களில் இருவேல்பட்டுக்குக் குஹனும் மானுடவியலாளர் ஜோன் மென்ச்சரும் போய் யாரிடம் நிலம் இருக்கிறது, கூலி என்ன என்று மீண்டும் கேட்டார்கள். நிதிச் செயலாளராக இருந்தவர் ஒரு கிராமத்துத் தெருவில் வீடு வீடாக விவரம் கேட்டதை நினைத்துப் பார். பெரிய எண்ணை ஒரு தரமாவது கையாண்டவருக்குத்தான் சின்ன எண்ணின் அருமை தெரியும் என்று நினைக்கிறேன்.

பயமும் எனக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பு படித்த பிள்ளைகள் சிலர் ஒரு கம்ப்யூட்டர் திரையைவிட்டு நகர்வதில்லை. கலர் கலராக வரைபடம் போட்டு, முப்பத்தெட்டு மாவட்டத்தையும் ஒரே பார்வையில் காட்டுகிறார்கள். அந்தப் பச்சை நிறத்துக்கு அடியில் எந்த ஊரில் எந்த வி.ஏ.ஓ. என்ன எழுதினார் என்று கேட்டால் தெரியாது. இரண்டு பக்கக் குறிப்பு எழுதுவதை இந்தப் படிப்பில் நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்கள், கற்றுக்கொள், அமைச்சருக்கோ செயலாளருக்கோ மூன்றாம் பக்கம் படிக்க நேரம் இருக்காது. அந்த இரண்டு பக்கத்துக்குப் பின்னால் இருநூறு பக்கம் நீ படித்திருக்க வேண்டும், சில கிராமங்களையாவது நடந்து பார்த்திருக்க வேண்டும். எண்ணைக் கொஞ்சம் ஏற்றி எழுது, கொஞ்சம் இறக்கி எழுது என்று எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஒரு நாள் ஒரு குரல் வரும். சத்தமாக வராது, ரொம்ப நட்பாக வரும். அன்றைக்கு மறுக்க வேண்டுமானால், அந்தச் சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் ஓட்டுகிற அளவு கையிருப்பு உன்னிடம் இருக்க வேண்டும். அதனால்தான் கடனைப் பற்றி இவ்வளவு யோசிக்கச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பட்டத்துக்கு வீட்டை அடகு வைத்துப் போனவள், திரும்பி வந்து தன் மனதுக்குப் பிடித்த வேலையைத் தேர்ந்தெடுக்க முடியாது, கடனை அடைக்கும் வேலையைத்தான் தேர்ந்தெடுப்பாள். உதவித்தொகை கிடைத்தால் போய்வா, சந்தோஷமாக அனுப்பி வைக்கிறேன். இல்லையென்றால் இங்கேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளியில் 2014-லிருந்து இந்த முதுநிலைப் படிப்பு நடக்கிறது, அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இருக்கிறது, டில்லியிலும் மும்பையிலும் ஐ.ஐ.டி.களிலேயே கொள்கைத் துறை வந்துவிட்டது.

என்னைக் கேட்டால், உடனே போகாதே. ஓரிரு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போ. வயல் இல்லாமல் அந்த வகுப்புக்குள் போயிருந்தால் எனக்கு எல்லாப் பாடமும் வெறும் பாடமாகவே இருந்திருக்கும். 25 வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரோடு இருந்து வேலை பார்க்க, பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு நிறுவனம் 2010-லிருந்து ஒரு திட்டம் நடத்துகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டம் 2022-ல் தொடங்கியது, இரண்டு வருஷம் அரசின் திட்டங்களோடேயே இருக்கலாம். அது எதுவும் கிடைக்காவிட்டால் ஒரு பஞ்சாயத்து அலுவலகத்திலோ ஒரு தொண்டு நிறுவனத்திலோ கணக்கெழுதப் போ, அதுவும் போதும்.

தமிழை விட்டுவிடாதே. அந்தப் படிப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும், உனக்கு அதில் சிரமம் இல்லை. ஆனால் அரசாணையும் கிராம சபைத் தீர்மானமும் மனுநீதி நாளில் ஒரு பாட்டி நீட்டுகிற மனுவும் தமிழில்தான் இருக்கும். மனுவை எழுதியவர் சொல்லாமல் விட்டதையும் வாசிக்கத் தெரிய வேண்டும். அதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லிக் கொடுப்பதில்லை.

விண்ணப்பத்தில் கேட்கிற கட்டுரையை இப்போதே எழுத உட்கார வேண்டாம். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பு இணையத்தில் தமிழிலேயே கிடைக்கும். உனக்குப் பிடித்த ஒரு துறையின் குறிப்பை எடுத்து, பென்சிலோடு முழுக்கப் படி. பிறகு அக்டோபர் 2-ம் தேதி நம் ஊர் கிராம சபைக்குப் போ, சித்தப்பாவை அழைத்துக்கொண்டு போனாலும் சரி. வரவு செலவு வாசிக்கும்போது எழுந்து போகிறவர்கள் யார், எழுந்து கேள்வி கேட்பவர்கள் யார், வாசலோடு நின்றுவிடுகிறவர்கள் யார் என்று பார்த்துக் குறித்துக்கொள். குறிப்பில் படித்த திட்டங்களில் ஏதாவது ஒன்றின் பெயர் அங்கே அடிபடுகிறதா என்று பார். அன்று ராத்திரி எனக்கு போன் பண்ணு, எவ்வளவு நேரமானாலும் எடுக்கிறேன். அதற்குப் பிறகு கட்டுரையை இரண்டு பேரும் சேர்ந்து எழுதலாம்.

அன்புடன்,
அத்தை